கொமர்ஸ் படித்த பிள்ளைக்குக் கணனித் துறையில் இடமுண்டா?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது வீடுகளில் இரு வகையான பேச்சுக்கள் எழுவதைக் காண்கிறோம். விஞ்ஞானப் பிரிவில் பிள்ளை படித்த வீடென்றால், வைத்தியத்துறைக்குப் புள்ளி போதுமா, பொறியியலுக்குப் போதுமா என்ற பேச்சு. வர்த்தகப் பிரிவில் படித்த வீடென்றால், அதிலும் பெண்பிள்ளை என்றால், பேச்சு வேறு பக்கம் திரும்பி விடுகிறது. ஒரு நல்ல மாப்பிள்ளை, இல்லாவிட்டால் ஓர் ஆசிரியர் நியமனம், அதுவும் இல்லாவிட்டால் எங்காவது ஒரு கணக்கு எழுதும் வேலை. இவற்றுக்கு அப்பால் இன்னொன்று இருப்பதாகப் பெரும்பாலான தாய்மார் எண்ணுவதில்லை.

எமது சப்ரகமுவ மாகாணத்தில் இந்த நிலை சற்றுக் கடுமையானது. மாவனல்லை போன்ற ஓரிரு இடங்களை விட்டுவிட்டால், தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே அமைந்துள்ள சிறு நகரங்களில், அதாவது இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட போன்ற ஊர்களில், தமிழ் மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிப்பது எளிதான காரியமல்ல. வகுப்பு இருந்தால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருந்தால் ஆய்வுகூடம் இல்லை. ஆகவே பிள்ளைகள் கலைப் பிரிவுக்கோ வர்த்தகப் பிரிவுக்கோ செல்கிறார்கள். சிறந்த மூளையுள்ள பிள்ளையும் அங்கேதான் செல்கிறது.

“ஹஸ்ரத், எங்கட புள்ள கொமர்ஸ்தான் செஞ்சிருக்கு. கம்பியூட்டர் படிக்க மெட்ஸ், பிஸிக்ஸ் எல்லாம் வேணுமாமே?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். பாடசாலையில் இஸ்லாம் கற்பிப்பவரிடம் ஏன் இதைக் கேட்கிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். சிறிய ஊர்களில் மௌலவி ஆசிரியரிடம் கேட்காத கேள்வி ஏது? அந்தத் தாய்க்கு நான் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். கணனித் துறையின் எல்லாக் கதவுகளுக்கும் உயர்தரக் கணிதம் கட்டாயமன்று. கணக்கீடும் வணிகக் கல்வியும் பொருளியலும் படித்த பிள்ளைக்கென்றே திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. அதன் பெயர் வணிகத் தகவல் முறைமை. ஆங்கிலத்தில் ‘பிஸ்னஸ் இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்’ என்பார்கள். மாணவர்கள் சுருக்கமாக ‘பி.ஐ.எஸ்.’ என்பார்கள்.

இது என்ன படிப்பு?

பாடங்களின் பெயர்களைப் பார்த்தால் பாதி எமது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அறிமுகமானவை. கணக்கீடு, பொருளியல், சந்தைப்படுத்தல், மனிதவள முகாமைத்துவம் ஆகியன ஒருபுறம். புரோகிராமிங், தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும், இணைய வணிகம் ஆகியன மறுபுறம். கணனி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கணனி விஞ்ஞானம் படிப்பவர் ஆழமாக ஆராய்கிறார். ஒரு நிறுவனம் எவ்வாறு இயங்குகிறது, அதன் கொடுக்கல் வாங்கலும் கணக்கும் கணனிக்குள் எப்படிச் செல்ல வேண்டும் என்பதை இதைப் படிப்பவர் ஆராய்கிறார்.

இப்படிச் சொன்னால் விளங்காது. எமது பகுதித் தாய்மாருக்கு இதை விளக்க நான் தோட்டத்துச் செக்ரோலைத்தான் உதாரணமாக எடுப்பது வழக்கம்.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களின் கணக்கு எடுக்கப்படுகிறது. யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார், யார் புல் வெட்டப் போனார், யார் மருந்தடிக்கப் போனார் என்பதெல்லாம் பதிவாகிறது. பின்னர் கொழுந்து நிறுக்கப்படுகிறது. மழையில் நனைந்த கொழுந்தென்றால் தண்ணீருக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. குறிப்பிட்ட கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனியாகக் காசு. கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தில் எழுதியதை ஒபீஸில் கிளாக்கர் செக்ரோலில் ஏற்றுகிறார். மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதி, திருநாள் முற்பணம், தொழிற்சங்கச் சந்தா எல்லாம் கழிந்து மிகுதி கைக்கு வருகிறது. கணனி என்ற சொல்லே இந்நாட்டில் கேள்விப்படாத காலத்திலிருந்து நடந்துவரும் இந்த ஏற்பாடு ஒரு முழுமையான தகவல் முறைமையாகும்.

இப்போது இதைக் கணனி மயப்படுத்த வேண்டும் என்று தோட்டக் கம்பனி தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் புரோகிராமர் மிகத் திறமையானவர். ஆனால் ‘அரைப் பேர்’ என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒரு நாளை அவர் ‘வந்தார், வரவில்லை’ என்று இரண்டாகத்தான் பிரிப்பார். கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடும். பால் வெட்டுபவர் கொண்டுவரும் பாலை லீட்டரில் அளந்தால் மட்டும் போதாது. மெட்ரோலக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதில் எவ்வளவு உலர் இறப்பர் உண்டு என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த பால் லீட்டரில் கூடும், இறப்பரில் கூடாது. லீட்டருக்கு மட்டும் ஒரு கட்டம் போட்டு மென்பொருளை எழுதிவிட்டால், நேர்மையாகப் பால் கொண்டுவந்தவருக்கு அநீதி நடக்கும். அதை எழுதியவருக்கு அது தெரியவும் தெரியாது.

கணக்கப்பிள்ளையோடு அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு, கேட்டதைப் புரோகிராமருக்கு விளங்கும் வடிவில் எழுதிக் கொடுத்து, மென்பொருள் தயாரானதும் மறுபடி தோட்டத்துக்கு வந்து ஒரு மாதக் கணக்கைக் கையாலும் கணனியாலும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் தேவை. அந்த இடைநடுவில் நிற்பவர்தான் வணிகத் தகவல் முறைமைப் பட்டதாரி. அவரது வேலை ஒரு தடவையோடு முடிவதுமில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021ஆம் ஆண்டு 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டு 1,350 ரூபாவாகவும் வர்த்தமானி மூலம் மாற்றப்பட்டது. அவ்வாறு மாறும் ஒவ்வொரு முறையும் மென்பொருளுக்குள் இருக்கும் விதிகளையும் மாற்றிப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அங்கே நேரும் ஒரு தவறு லயத்தில் வாழும் ஒரு தாயின் அடுப்பில்தான் போய் முடியும்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மேலே சொன்ன அரைப் பேரும் மெட்ரோலக்கும் கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்குப் புதிய பாடங்கள். தோட்டத்து வாசலில் கடை வைத்திருக்கும் எமது வாப்பாமாரின் பிள்ளைகளுக்கு அவை காதில் விழுந்து வளர்ந்த சொற்கள். எமது பிள்ளைகள் தாழ்வு என்று நினைக்கும் அந்த ஊர் அறிவே இத்துறையில் முதலீடு என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

தோட்டம் முதல் மாணிக்கக் கடை வரை

1992ஆம் ஆண்டு அரச தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பலாங்கொடை, கஹவத்தை, கேகாலை என்று எமது ஊர்ப் பெயர்களையே தாங்கிய பெருந்தோட்டக் கம்பனிகள் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றதும் அதன் விளைவே. முன்பு மாத அறிக்கையாகத் தபாலில் சென்ற கணக்கு இன்று நாளாந்தம் தலைமை அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

இன்று நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் அதிகமானது சிறுதோட்ட உரிமையாளர்களிடமிருந்து கிடைக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் அத்தகைய குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கொழுந்தை லொறிக்காரரிடம் நிறுத்துக் கொடுக்கிறார்கள். அது தொழிற்சாலைக்குப் போகிறது. மாத முடிவில் விற்பனைச் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்ற சூத்திரத்தின்படி விலை தீர்மானிக்கப்படுகிறது. நூற்றுக்கணக்கானவர்களின் சில்லறை நிறைகளைச் சேர்த்து, உரத்துக்கும் முற்பணத்துக்கும் கழித்து, இந்தச் சூத்திரப்படி பிரித்துக் கொடுப்பது சிறிய வேலையல்ல. 1883ஆம் ஆண்டு முதல் கூவி ஏலமிட்டு நடந்துவந்த கொழும்புத் தேயிலை ஏலமும், 2020ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின்போது சில நாட்களுக்குள் கணனித் திரைக்கு மாறியது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் மாறாதது எவ்வளவு விரைவாக மாறிவிட்டது பாருங்கள்.

மாணிக்க வியாபாரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. இரத்தினபுரி ஸாவியா வீதியில் கல்லைக் கையில் வைத்துப் பேசும் எமது சகோதரர்கள் கணக்கை இன்னும் மனதில்தான் வைத்திருக்கிறார்கள். நிலத்துக்காரருக்கு எத்தனை பங்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு எத்தனை, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு எத்தனை, குழியில் இறங்கியவருக்கு எத்தனை என்று எல்லாம் வாய்ப்பேச்சு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஏவும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை அறிந்தவர்களும் அந்தச் சந்தையில் இருக்கிறார்கள். அவர்களிடம் மென்பொருள் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும் போல் இருக்கிறது. என்றாலும் அதே குடும்பங்களின் பெண்பிள்ளைகள் வாப்பாவின் வியாபாரத்தை முதலில் ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் அது அவர்களுக்கு நல்ல பயிற்சியாகவும் அமையும்.

என்னென்ன வேலைகள்?

பத்திரிகை விளம்பரங்களில் இப்பட்டதாரிகளுக்குரிய பதவிகள் பல பெயர்களில் வருவதால் பெற்றோர் குழம்பிப் போகின்றனர். ‘பிஸ்னஸ் அனலிஸ்ட்’ என்பது மேலே தோட்டத்தில் கண்ட அந்த இடைநடுவர் வேலை. இப்படிப்புக்கு மிகவும் பொருத்தமானதும் அதுவே. ‘குவாலிட்டி எஷூரன்ஸ்’ என்றால் மென்பொருளைப் பரீட்சித்துப் பிழை பிடிப்பது. பொறுமையும் கண்ணும் உள்ள பிள்ளைகள் இதில் நன்றாகச் செய்வதைக் காண்கிறோம். ‘ஈ.ஆர்.பி. கன்ஸல்டன்ட்’ என்பவர் எஸ்.ஏ.பி., ஒரக்கிள் போன்ற பெரிய மென்பொருட்களை ஒரு நிறுவனத்தின் கொள்வனவு, களஞ்சியம், சம்பளம், கணக்கு அனைத்துக்கும் பொருத்திக் கொடுப்பவர். எமது நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகள், சுப்பர் மார்க்கெட்டுகள், வைத்தியசாலைகள் எல்லாம் இத்தகைய மென்பொருட்களில்தான் ஓடுகின்றன. ‘டேட்டா அனலிஸ்ட்’ எண்களை வாசித்து முகாமையாளருக்கு விளக்குபவர். கணக்காய்வில் ஆர்வமுள்ளவர்கள் தகவல் முறைமைக் கணக்காய்வாளராகலாம். அதற்கு ‘சீசா’ என்ற சர்வதேசத் தகைமை உண்டு.

இவ்வேலைகள் எங்கே உள்ளன? பெரும்பகுதி கொழும்பிலும் அதனைச் சூழவும்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை. சுவீடன் நாட்டு ஐ.எப்.எஸ். நிறுவனம் 1997 முதல் இங்கே ஈ.ஆர்.பி. மென்பொருள் தயாரிக்கிறது. மாலபேயில் பங்குச் சந்தை மென்பொருள் செய்துவந்த மிலேனியம் ஐ.டி. நிறுவனத்தை 2009ஆம் ஆண்டு இலண்டன் பங்குச் சந்தையே வாங்கியது. வர்ச்சுஸா, டபிள்யூ.எஸ்.ஓ.2 போன்ற பெயர்களையும் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மென்பொருள் நிறுவனங்களில் மட்டுமல்ல, கணக்கு வைத்திருக்கும் எந்தப் பெரிய நிறுவனத்திலும் இவர்களுக்கு இடமுண்டு.

வளைகுடாவில் கணக்கு எழுதும் நானாமார் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் அறிந்திருப்பார்கள். 2018 ஜனவரி முதலாம் திகதி சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் பெறுமதி சேர் வரி அறிமுகமானது. அதுவரை வரியே இல்லாமல் பில் போட்ட கடைகளும் கம்பனிகளும் தமது மென்பொருளை அடியோடு மாற்ற வேண்டியதாயிற்று. பின்னர் 2021 டிசம்பரில் சவூதி இலத்திரனியல் பில்லைக் கட்டாயமாக்கியது. எமது நாட்டில் 2024 ஜனவரியில் இதே வரி 18 வீதமாக உயர்ந்தபோதும் அதே கதைதான். சட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கும் தெரிந்த, கணனியும் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார்கள். கணக்கு மட்டும் தெரிந்த பலரும் கணனி மட்டும் தெரிந்த பலரும் கிடைக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

அரச துறையை விரும்புவோருக்கு இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப சேவை என்ற தனிச் சேவை உண்டு. தமிழ் மொழிப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கத் தகைமையுள்ள ஆசிரியைகளின் தேவையும் தீர்ந்தபாடில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிக் கணனி வேலைகள் இருக்குமா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தரவைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலையும், சாதாரண புரோகிராம் எழுதும் வேலையும் குறைந்து வருகின்றன; புதிதாக வருபவர்களுக்கு முதல் வேலை கிடைப்பதும் முன்னரைவிடக் கடினமாகியுள்ளது. ஆனால் கணக்கப்பிள்ளை வாய்திறந்து சொல்லாத வழக்கத்தைக் கேட்டறியும் வேலையை இயந்திரம் இன்னும் செய்யவில்லை. ஆகவே இப்பட்டத்தில் வணிகப் பக்கத்தை அலட்சியம் செய்து கணனிப் பக்கத்தை மட்டும் படிப்பது இன்றைய நிலையில் புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கே படிப்பது?

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, வர்த்தக பீடத்தில் இப்பெயரிலேயே சிறப்புப் பட்டம் உள்ளது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் களனியிலும் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் இணைந்த பட்டங்கள் உள்ளன. கொழும்பிலும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் தகவல் முறைமைப் பட்டம் உண்டு. எமது மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில்தான் இருக்கிறது என்பது எமது பல வீடுகளுக்கு நினைவிருப்பதில்லை. இரத்தினபுரி பதுளை பஸ்ஸில் அதன் வாசலைத் தாண்டிப் பண்டாரவளைக்கு உறவினர் வீடு செல்பவர்கள் எத்தனை பேர்!

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஆண்டுதோறும் புதிதாக வாங்கி வாசிக்க வேண்டும். சென்ற ஆண்டு தாத்தா நிரப்பியதைப் பார்த்துத் தங்கை நிரப்பக் கூடாது, நிபந்தனைகள் மாறுகின்றன. சாதாரண தரத்தில் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பெற்ற சித்தி பல கற்கைகளுக்குக் கேட்கப்படுகிறது. பதினாறு வயதில் கோட்டைவிட்ட ஆங்கிலம் இருபது வயதில் வாசலில் வந்து நிற்கும். உயர்தர வர்த்தகப் பிரிவில் இப்போதுதான் சேரும் பிள்ளை, பாடசாலையில் வசதியிருந்தால் மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுப்பது பற்றியும் யோசிக்கலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விடயம். பெரும்பாலான கற்கைகளுக்கு மாணவரைச் சேர்க்கும்போது 40 வீதம் நாடளாவிய திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டின்படியும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. கேகாலை இல்லை. எனவே அயல் மாவட்டத்தில் உள்ள உறவுக்காரப் பிள்ளைக்குக் கிடைக்காத இடம் அதே இசட் புள்ளிக்கு இரத்தினபுரிப் பிள்ளைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. ‘அவளுக்கே கிடைக்கவில்லை, உனக்கா’ என்று விண்ணப்பத்தில் எழுதாமலே விட்டுவிடாதீர்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் வணிகத்தைவிடக் கணனிப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தது. எனினும் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முதலாண்டுக்கு டிப்ளோமா, இரண்டாமாண்டுக்கு உயர் டிப்ளோமா கையில் இருக்கும். கேகாலையில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். தனியார் நிறுவனங்கள் தரும் பட்டம் என்றால் நகையை அடகு வைப்பதற்கு முன் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள்: பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அது அங்கீகரிக்கப்பட்டதா என்று. வரவேற்பறையில் இருக்கும் பெண் புன்னகையோடு சொல்லும் ‘எல்லாம் ரெகக்னைஸ்ட்’ என்ற பதில் போதாது. அரசாங்கம் 2017ஆம் ஆண்டு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களின் கணனி, முகாமைத்துவப் பட்டங்கள் இடம்பெற்றன. விண்ணப்பம் கோரப்படும் காலத்தைக் கவனித்திருங்கள். வட்டிக்குப் பயந்து படிப்பை விடும் குடும்பங்கள் இத்திட்டத்தைக் கேள்விப்படாமலே இருப்பது வருத்தத்துக்குரியது.

பட்டம் பெற்றும் வீட்டில் இருப்பவர்கள்

இவ்வளவு வாய்ப்பிருந்தும் பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் எமது ஊர்களில் காண்கிறோம். காரணங்களை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

முதலாவது ஆங்கிலம். இக்கற்கைகள் ஆங்கில மொழி மூலம் நடைபெறுகின்றன. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை முதல் மாதங்களில் தடுமாறும்; அது இயல்பு. பெரும்பாலானோர் பரீட்சையைத் தாண்டி விடுகிறார்கள். எழுதும் ஆங்கிலம் வந்தும் பேசும் ஆங்கிலம் வராமல் போவதே சிக்கல். பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலையே கேள்வி கேட்கும் வேலையாதலால், நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்காத பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. சிங்களமும் அவ்வாறே. தோட்டத்திலும் கடையிலும் தமிழும் சிங்களமும் கலந்து பேசி வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்னுரிமை உண்டு.

இரண்டாவது, அரச நியமனத்துக்குக் காத்திருத்தல். 2020ஆம் ஆண்டு அரசாங்கம் ஏறக்குறைய 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தது. அந்த நினைவில் இன்னொரு பட்டியல் வருமென்று இருந்துவிடுகிறார்கள். கலைப் பட்டதாரியின் அறிவு மூன்று ஆண்டு காத்திருந்தாலும் பழுதாகாது. கணனிப் பட்டதாரியின் நிலை அப்படியன்று. அவள் படித்த மென்பொருளின் பதிப்பே அதற்குள் மாறியிருக்கும்.

மூன்றாவது, நாம் அதிகம் பேசாதது, தொழிற்பயிற்சி. இப்பட்டங்களில் பெரும்பாலும் இறுதிக் கட்டத்தில் சுமார் ஆறு மாதங்கள் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டியுள்ளது. பலருக்கு முதல் வேலை அந்த நிறுவனத்திலேயே கிடைக்கிறது. சில பெற்றோர் நான்கு ஆண்டுகள் விடுதியில் விட்டுப் படிப்பித்துவிட்டு, இந்த ஆறு மாதத்தில் மட்டும் ‘கொழும்பில் தங்க வேண்டாம், ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கையெழுத்து வாங்கிக்கொள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கையெழுத்துக் கிடைக்கும். வேலை கிடைக்காது.

பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் உம்மாவின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்று நான்கு பிள்ளைகளாகச் சேர்ந்து, நம்பிக்கையான குடும்பத்தின் மேல்மாடியிலோ பெண்கள் விடுதியிலோ தங்கிப் படித்தவர்கள் எமது ஊர்களிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டறியலாம். வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொரோனாவுக்குப் பின் இத்துறையில் பரவலாகியுள்ளது என்பதும் உண்மையே. ஆனால் அதையே முதல் நாளிலிருந்து எதிர்பார்ப்பது சரியன்று. முதல் ஓரிரு ஆண்டுகள் அலுவலகத்தில் மூத்தவர்களின் பக்கத்தில் அமர்ந்து கற்றவர்களுக்கே, பிறகு பிள்ளைக்குட்டியோடு எட்டியாந்தோட்டையிலிருந்து வேலை செய்யும் வசதியை நிறுவனங்கள் நம்பிக் கொடுக்கின்றன.

வட்டி வங்கியின் மென்பொருளில் வேலை செய்யலாமா என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். வட்டிக் கணக்கை நேரடியாக எழுதும் வேலையிலிருந்து விலகியிருப்பதே பேணுதல் என்பது எனது கருத்து. இத்துறையில் அதைத் தவிர்த்தும் தாராளமாக வேலை உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாக ஆரம்பமானது. முராபஹாவையும் முழாரபாவையும் கணனிக்கு விளங்கும் விதிகளாக எழுதத் தெரிந்தவர்கள் இங்கும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் தேடப்படுகின்றனர். அரபுக் கல்லூரியில் முஆமலாத் படித்த எமது பிள்ளைகள் உயர்தரத்தில் வர்த்தகப் பாடங்களையும் எடுத்து இந்தப் பக்கம் வரலாகாதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இறுதியாக ஒன்று. பிள்ளை மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் பெண் கேட்டு வருகிறார்கள். நல்ல இடமென்றால் மறுக்கச் சொல்லவில்லை. மஹரும் நிக்காஹ் திகதியும் பேசும் அதே அமர்வில், அந்த ஆறு மாதப் பயிற்சி எந்த மாதம் தொடங்குகிறது, எங்கே நடக்கும், அக்காலத்தில் அவள் யார் வீட்டில் தங்குவாள் என்பதையும் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பின் பேசலாம் என்று விட்டால், பயிற்சிக் கடிதம் வரும் நாளில் அவ்வீட்டில் வேறொரு காரணம் இருக்கும்.